மீண்டும் திடலுக்கு வந்த குழு

அமெரிக்கக் காற்பந்து நாம் அறிந்த காற்பந்து அன்று. பந்து முட்டை வடிவில் இருக்கும். கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். பக்கத்துக்குப் பதினொரு பேர். அங்கே கல்லூரிக் குழுக்கள் ஆண்டுதோறும் சில மாதங்கள் ஆடுகின்றன. அதைப் பருவம் என்பார்கள்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஹண்டிங்டன் நகரில் மார்ஷல் பல்கலைக்கழகம் உள்ளது. 1970 நவம்பர் 14 அன்று வெளியூரில் ஆடிவிட்டு அதன் குழு திரும்பிய விமானம் ஊருக்கு அருகே விழுந்து நொறுங்கியது. ஆட்டக்காரர், பயிற்சியாளர், ஆதரவாளர், விமானப் பணியாளர் என 75 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

இனி இந்த ஆட்டமே வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. வேண்டும் என்றே முடிவாயிற்று. புதிய பயிற்சியாளர் ஜாக் லெங்கியெல், அந்தப் பயணத்தில் செல்லாத சிலரையும் முதலாண்டு மாணவரையும் சேர்த்துக் குழு அமைத்தார். முதலாண்டு மாணவர் முதன்மைக் குழுவில் ஆட அன்றைய விதி இடம் தரவில்லை. இவர்களுக்கு விலக்குக் கிடைத்தது.

1971-இல் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். செப்டம்பர் 25-இல் சொந்தத் திடலில் சேவியர் குழுவைச் சந்தித்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் எறிந்த பந்தைப் பிடித்தவர் எல்லைக்கோட்டைக் கடந்தார். 15க்கு 13 என வெற்றி! மக்கள் திடலுக்குள் ஓடிவந்தார்கள்.

பருவ முடிவில் வெற்றி 2, தோல்வி 8. கணக்கில் அது குறைவுதான். ஆனால், ஆள் இல்லாத இடத்தில் ஆள் வந்து நின்றார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பல்கலைக்கழக வளாகத்தில் மாண்டவர் நினைவாக ஒரு நீரூற்று உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று அதை நிறுத்துவார்கள். வசந்தம் வந்ததும் நீர் மீண்டும் பாயும்.