மறந்துபோன கடவுச்சொல்

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் ஒரு மடிக்கணினி இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் பழைய கணினி விற்கும் கடையொன்றில் வாங்கியது. கோடை விடுமுறை முழுவதும் ஓர் அச்சகத்தில் உழைத்துச் சேர்த்த பணம் அதில் அடங்கியிருந்தது. கணினி நன்றாகவே ஓடியது. ஆனால் பாடத்திற்கு வேண்டிய லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ எண்ணி அதன் உள்ளமைப்புகளைத் திறக்க முயன்றபோது, கரிய திரையில் சிறிய பூட்டின் படம் ஒன்று தோன்றிக் கடவுச்சொல்லைக் கேட்டது. வாங்கியவருக்கு அது தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

"இதைத் திறக்க வழி உண்டா, ஐயா?" என்று அவர் கேட்டார். உண்டு, இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறத்தக்க வினா அன்று அது.

கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் விழித்தெழுவது விண்டோசும் அன்று, லினக்சும் அன்று. தாய்ப்பலகையில் உள்ள சில்லு ஒன்றில் எழுதி வைத்துள்ள சிறிய நிரலே முதலில் விழிக்கிறது. நினைவகம் எவ்வளவு, விசைப்பலகை பொருந்தியிருக்கிறதா, வன்தட்டு எங்கே என்றெல்லாம் பார்த்து, அதன் பிறகே அது பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இதற்கு நிலைபொருள் என்று பெயர். பயாஸ் என்னும் பழைய வகை நிலைபொருளின் இடத்தை இன்று யூஇஎஃப்ஐ என்பது பிடித்துக்கொண்டது; எனினும் பேச்சு வழக்கில் பயாஸ் என்ற பெயர் போகவில்லை. வன்தட்டை அடியோடு அழித்து விண்டோசைப் புதிதாக நிறுவினாலும் நம் மாணவர் கண்ட பூட்டு அசையாது. அந்தப் பூட்டு வன்தட்டில் இல்லை என்பதே காரணம்.

பின் எங்கே இருக்கிறது? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1981-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் தனியாள் கணினியில் அமைப்புகளை மாற்றுவதற்குப் பலகையின் மேலேயே சிறு சிறு விசைகள் இருந்தன. 1984-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஏடி என்னும் மாதிரியில் மின்கலத்தால் உயிர் வாழும் 64 பைட் நினைவகம் ஒன்று வந்தது. கடிகாரமும் அமைப்புகளும் அதற்குள் அடங்கின. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணினியின் முகப்பில் உண்மையான இரும்புச் சாவி போட்டுத் திருப்பும் பூட்டு ஒன்றும் இருந்தது! பூட்டினால் விசைப்பலகை இயங்காது. 1987-இல் வந்த பிஎஸ்/2 வரிசையில் சாவிக்குத் துணையாகக் கடவுச்சொல்லும் சேர்ந்துகொண்டது. அச்சொல் மின்கலத்தை நம்பிய நினைவகத்தில் குடியிருந்தமையால், மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் மறைந்தொழியும். மேசைக் கணினிகள் பலவற்றில் இன்றும் அந்தச் சிறு மின்கலம் உண்டு. "பேட்டரியைக் கழற்றினால் போதும்" என்று கடைவீதியில் வழங்கும் அறிவுரை அக்காலத்தில் பிறந்ததே.

மடிக்கணினியின் நிலை வேறு. அது பையிலும் பேருந்திலும் பயணம் செய்யும் பொருள். களவு போவதும் எளிது. மின்கலத்தைக் கழற்றிய மாத்திரத்தில் கள்வன் புதிய உரிமையாளன் ஆகிவிடலாம் என்றால் பூட்டு எதற்கு? ஆகவே மடிக்கணினிகள் பலவற்றில் கடவுச்சொல்லை மின்சாரம் அற்றுப்போனாலும் மறவாத சில்லில் வைத்தனர். திங்க்பேட் வகைக் கணினிகளில் மேலாளர் கடவுச்சொல்லை மறந்தவர்க்கு அதன் உற்பத்தியாளர் கூறும் விடை கடுமையானது: அச்சொல்லை நீக்கித்தர இயலாது, வாங்கியதற்குரிய சான்றைக் காட்டித் தாய்ப்பலகையையே மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய கணினிக்குப் புதிய தாய்ப்பலகை வாங்குவதைவிட வேறொரு பழைய கணினி வாங்குவது மலிவாக முடிந்தாலும் முடியும். எழுதப்பட்ட சொல்லை அவர்களாலும் படிக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். செவ்வையாக அமைந்த பொறியில் சொல் அப்படியே எழுதப்படுவதில்லை. ஒருவழிக் கணக்கு ஒன்றில் இட்டு அரைத்த பின், கிடைக்கும் எண்ணே எழுதப்படுகிறது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க இயலாது. நீங்கள் சொல்லைத் தட்டும்போது பொறி அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டுமே பார்க்கிறது.

எல்லா நிறுவனங்களும் இவ்வளவு கண்டிப்பாக இருந்தன என்று எண்ணிவிட வேண்டா. சில மாதிரிகளில் மூன்று முறை தவறினால் திரையில் ஓர் எண் தோன்றும். அந்த எண்ணிலிருந்து, நிறுவனத்தார் மட்டுமே அறிந்த கணக்கின்படி, மாற்றுச் சொல் ஒன்றைப் பெறலாம். டெல் நிறுவனம் உரிமையைச் சரிபார்த்த பின் இவ்வாறு சொல் வழங்குவதுண்டு. பழைய மாதிரிகள் பலவற்றில் அந்தக் கணக்கை ஆர்வலர்கள் கண்டுபிடித்துவிட்டனர். பூட்டு பெயரளவுக்குப் பூட்டாயிற்று. இன்டெல் சில்லு கொண்ட ஆப்பிள் மடிக்கணினிக்கு, மூல ரசீதுடன் அந்நிறுவனத்தின் பணிமனைக்கு நேரில் செல்ல வேண்டும்.

மற்றொரு வழியும் உண்டு. கடைக்காரர்கள் பெரும்பாலும் அதையே நாடுவர். எட்டுக் கால்கள் கொண்ட நிலைபொருள் சில்லைக் கவ்வியால் பிடித்து, அதில் உள்ளதைப் படித்து, மாற்றி எழுதுவார்கள். இதற்கான கருவி மலிவு, விளைவு மலிவன்று. 3.3 வோல்ட்டில் இயங்க வேண்டிய சில்லுக்கு 5 வோல்ட் பாய்ந்து பொறி மாண்டதுண்டு. கணினியின் வரிசை எண் அழிந்துபோவதும் உண்டு. பல கணினிகளில் கடவுச்சொல் அந்தச் சில்லிலேயே இராது. செய்த வேலை வீண். விண்டோசின் பிட்லாக்கர் என்னும் மறைகாப்பு இயங்கிக்கொண்டிருந்தால், நிலைபொருளில் கை வைத்ததைக் கண்டு அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடக்கூடும். வன்தட்டுக்கே கடவுச்சொல் இடப்பட்டிருந்தாலோ, அது தட்டுக்குள்ளேயே உறைகிறது. தட்டை வேறு கணினியில் பொருத்தினாலும் திறவாது. நம் மாணவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவரைத் தடுத்தது மேலாளர் கடவுச்சொல் ஒன்றே.

நான் அவரிடம் முதலில் கேட்டது வேறு ஒன்று: "தம்பி, இது யாருடைய கணினி?" அவர் முகம் சற்றே வாடிற்று. ஆயினும் கேட்காமல் இருக்க இயலுமோ? களவு போன பொருளின் முதல் அடையாளமும் இதே பூட்டுத்தான். மறுநாள் இருவரும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நல்லவர்; தம் பேரேட்டைப் புரட்டி, அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட ஐம்பது கணினிகளை மொத்தமாக வாங்கிய சீட்டைக் காட்டினார். கணினியின் அடியில் இருந்த வரிசை எண் அதிலும் இருந்தது. மாணவர் அந்தச் சீட்டின் படி ஒன்றை வாங்கிக்கொண்டார். அலுவலகத்திற்குக் கடிதம் எழுதினோம். கடவுச்சொல் இட்டவர் வேலையை விட்டுச் சென்று நெடுநாளாயிற்று என்று இரண்டு வாரத்தில் பதில் வந்தது.

இனிப் பூட்டை உடைப்பதா? வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தக் கடவுச்சொல் அமைப்புகளை மாற்றுவதைத்தான் தடுத்தது. உள்ளே இருக்கும் வன்தட்டிலிருந்து கணினி தொடங்குவதைத் தடுக்கவில்லை. ஆகவே மின்கலத்தின் இணைப்பை அகற்றி, நான்கு திருகாணிகளைக் கழற்றி, தட்டை வெளியே எடுத்தோம். அதில் பழைய அலுவலகத்தார் விட்டுச் சென்ற கோப்புகள் சில கிடந்தன. அவற்றைத் திறந்து பாராமலே அழித்தோம். என் கணினியில் அத்தட்டைப் பொருத்தி லினக்சை நிறுவினோம். பாதுகாப்புத் தொடக்கம் என்னும் சோதனையையும் கடந்துவரும் கையொப்பம் பெற்ற வெளியீடு ஒன்றையே தேர்ந்தெடுத்தோம். அந்தச் சோதனையை நிறுத்திவைக்க நம்மிடம் கடவுச்சொல் இல்லை அல்லவா? தட்டை மீண்டும் அதன் இடத்தில் வைத்தோம்.

முதல் முறை இயக்கியபோது ஒரு நிமிடம் ஒன்றும் தோன்றவில்லை. மாணவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு திரை ஒளி பெற்றது. அமைப்புகளைத் திறக்க முயன்றால் அந்தச் சிறிய பூட்டுப் படம் இன்றும் தோன்றுகிறதாம். சென்ற வாரம் அவர் அதே கணினியில் எழுதிய நிரல் ஒன்றை எனக்குக் காட்ட வந்திருந்தார்.