கொடுவாவின் செவுள்

பேராவூரணியிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால், அக்னியாறு பாக் நீரிணையில் கலக்கும் கரை வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகத்துவாரத்துத் தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும். கோடையில் ஆறு வறண்டதும் கடலுப்பு உள்ளே ஏறி நிற்கும். கொடுவாவும் மடவையும் இரண்டிலும் பிழைக்கின்றன. குளத்துக் கட்லாவைக் கடலில் விட்டால் செத்துப்போகும். இதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு செவுளுக்கு உண்டு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்தில் ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குதான். எங்கே நீந்தினாலும் அந்த அளவு அதிகம் மாறக் கூடாது. உப்பில் போட்ட எலுமிச்சங்காய் தண்ணீர் விடுவதுபோல, கடலில் மீனின் உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூட வரும் உப்பைச் செவுள் வெளியே தள்ளுகிறது. ஆற்றில் எல்லாம் தலைகீழ். நீர் உள்ளே புகும், உப்பு கசிந்து போகும். அங்கே மீன் தண்ணீர் குடிப்பதை வெகுவாகக் குறைத்து, நீர்த்த சிறுநீரை நிறையக் கழித்து, வெளியிலுள்ள சொற்ப உப்பையும் செவுளால் இழுத்துக்கொள்கிறது.

செவுளில் இந்த உப்பு வேலையைச் செய்யும் செல்களை 1932இல் ஆன்செல் கீஸும் எட்வர்ட் வில்மரும் விலாங்கின் செவுளில் அடையாளம் காட்டினார்கள். ஓயாத வேலை என்பதால் அவற்றுக்குள் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்து நிற்கும். செல்லின் ரத்தத்தை ஒட்டிய பக்கத்தில், சோடியத்தை ரத்தத்துக்குள் தள்ளும் ஒரு பம்பு இருக்கிறது. கடலிலும் ஆற்றிலும் அதே பம்பு, அதே பக்கம், அதே திசை! எனக்குப் பெரிய வியப்பு இதுதான். கடலில், அந்தப் பம்பால் செல்லுக்குள் சோடியம் குறைய, ரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் சேர்ந்து உள்ளே வருகின்றன. தண்ணீரைப் பார்த்த முகப்பிலுள்ள ஒரு புரதத்தின் வழியாகக் குளோரைடு வெளியேற, செல்களின் இடுக்கு வழியே சோடியம் பின்தொடர்கிறது. மனிதரில் இதே வகைப் புரதம் பழுதானால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வருகிறது. நன்னீரில் முகப்பில் வேறு புரதங்கள் பொருந்தி, உப்பை உள்ளே விடுகின்றன.

இந்த மாற்றத்தைக் கார்டிசால், புரோலாக்டின் போன்ற ஹார்மோன்கள் நடத்துகின்றன. இருக்கும் செல்கள் சில மணி நேரத்தில் சமாளிக்கத் தொடங்கும். புதுச் செல்கள் முளைத்து வேலைக்கு வர நாட்கள் ஆகும்.

கொடுவா வளர்ப்பவர்களுக்கு இந்த நாட்கள்தான் முக்கியம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் பொரிப்பகத்தில் கொடுவாக் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. அந்தக் குஞ்சு பொரிவது கடல்நீரில். நன்னீர்க் குளத்துக்கு வாங்குகிறவர்கள், குஞ்சு கடைசியாக எத்தனை பிபிடி (ஆயிரத்தில் எத்தனை பங்கு) உப்புள்ள தண்ணீரில் இருந்தது என்று பொரிப்பகத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிறகு தொட்டியில் நல்ல தண்ணீரைச் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சில நாட்கள் பழக்குங்கள். குஞ்சு வந்த பையைக் குளத்தில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்வது மட்டும் போதாது. உப்பளவையும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்த பிறகே குஞ்சை விடுங்கள்.