டிக்கெட் இல்லாமல் வரும் இமயமலை விருந்தாளி

ஊருக்குப் போக ரிசர்வேஷன் கிடைக்காமல் மும்பைத் தமிழர்கள் கியூவில் நின்று தவிப்பது ஆண்டுதோறும் நடப்பது. ஆனால் டிக்கெட்டே எடுக்காமல், ஆண்டு தவறாமல் மும்பைக்கு வந்து, ஆண்டு தவறாமல் சொந்த இடம் திரும்பும் விருந்தாளி ஒன்று கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. அதுதான் வாலாட்டிக் குருவி!

சாம்பல் நிற முதுகு. மஞ்சள் வயிறு. மெலிந்த உடல், நீண்ட வால். அந்த வால் ஒரு நிமிடம்கூடச் சும்மா இராது. துணி துவைப்பவரின் கைபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். மராட்டியர்கள் இதைத் "தோபி" என்றுதான் சொல்கிறார்கள்.

அதே இடம்

கோடையில் இமயமலை ஓடைகளின் ஓரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இந்தக் குருவி, செப்டம்பர் வாக்கில் தெற்கே கிளம்புகிறது. ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அதிகமாகப் பறந்து மும்பை வந்து சேர்கிறது. ஏப்ரலில் திரும்பிவிடுகிறது.

அதிசயம் அதுவல்ல. காலில் அலுமினிய வளையம் மாட்டிவிட்ட ஒரு வாலாட்டி, மும்பை நகருக்குள் இருந்த ஒரே ஒரு சிறிய புல்தரைக்கே ஆண்டுதோறும் வந்து இறங்கியதைப் பறவை அறிஞர் சாலிம் அலி (1896–1987) தமது நூலில் எழுதியிருக்கிறார். இவ்வளவு பெரிய நகரில் தன் இடத்தை அது மறக்கவில்லை!

பாட்டியின் கேள்வி

கல்யாண் பக்கம் ரயில்வே குடியிருப்பு ஒன்றில் நெல்லைக் குடும்பம் ஒன்று வசிக்கிறது. பாத்திரம் துலக்கும் குழாயடியில் சேறாகிறதென்று, கொல்லைப்புறம் முழுவதற்கும் சிமெண்ட் போட மகன் ஏற்பாடு செய்தார். மணலும் வந்து இறங்கிவிட்டது.

அன்று காலை குழாயடி ஈரத்தில் வாலாட்டி ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கிக் கொண்டிருந்தது. ஊரில் குளத்தங்கரையில் வாலாட்டிகளைப் பார்த்துப் பழகிய பாட்டி மகனிடம் கேட்டார்:

"ஏலே, மண்ணைப் பூரா மூடிட்டா, அடுத்த வருசம் அது வந்து எங்கலே எறங்கும்?"

மகன் பதில் பேசவில்லை. ஊரில் விற்றுவிட்ட வீடு அவர் நினைவுக்கு வந்திருக்கலாம். குழாயடி ஓரமாக இரண்டு முழ அகலத்துக்கு மண் அப்படியே விடப்பட்டது. இப்போது காலையில் காபி டம்ளருடன் அவரே வாசற்படியில் உட்கார்ந்து குருவியைப் பார்க்கிறார்.

செலவில்லாத உபசாரம்

இந்த விருந்தாளிக்கு அரிசியோ மிக்சரோ போட வேண்டியதில்லை. ஈ, கொசு, சிறு புழு பூச்சிகள்தான் அதன் உணவு. வீட்டுக்காரருக்கும் அதனால் லாபமே. பூச்சி மருந்து தெளிக்காத கொஞ்சம் ஈர மண் இருந்தால் போதும். பூனை எட்டாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

கறுப்பும் வெள்ளையுமாக, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவத்துடன் இன்னொரு வாலாட்டியும் உண்டு. அது ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. மஞ்சள் வயிறுதான் வெளியூர்க்காரருக்கு அடையாளம்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு, வந்த இடத்தில் கால் ஊன்ற ஒரு சாண் நிலம் கிடைப்பதன் அருமை தெரியும். நாளைக் காலை குழாயடியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். இமயத்திலிருந்து வந்தவர் அங்கே வாலாட்டிக் கொண்டிருக்கலாம்!