நேர்முகப் பரீட்சையில் நாமும் கேட்கலாம்



சாதாரண தரம் எழுதி முடித்த நம் பிள்ளைகளில் பலர் இப்போது மலையில் பேர் பதிய விரும்புவதில்லை. கொழும்பு, கண்டி, திருகோணமலை என்று வெளியே வேலை தேடிப் போறாங்க. அது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நேர்முகப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? "சட்டையை நல்லா தேய்ச்சுப் போடு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வாய் காட்டாதே." இதில் சட்டை விஷயம் சரி. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எங்கள் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போனேன். வேலை நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில். ஆனால் நேர்முகம் நடந்தது ஓர்ஸ் ஹில்லில், ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சி ஆபீஸில். கண்டியில் பஸ் ஏறி தம்புள்ளை, ஹபரணை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். கடலைக் கண்டதும் பையன்களுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஆபீஸில் இருந்த சார் படிப்பைக் கேட்டார், சிங்களம் வருமா என்று கேட்டார். கடைசியில், "தம்பி, உங்களுக்கு ஏதாவது கேக்க இருக்கா?" என்றார். "ஒண்ணும் இல்லைங்க சார்" என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் வேலை கைவிட்டுப் போகுமோ என்று எனக்கும் பயம்தான்.

ஒக்டோபரில் இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். "சீசன் முடிஞ்சிருச்சு, தேவைன்னா கூப்பிடுறோம்" என்றார்களாம். சேமலாப நிதி எங்கே என்று கேட்டால் ஹோட்டல் ஏஜென்சியைக் காட்டுது, ஏஜென்சி ஹோட்டலைக் காட்டுது. பிள்ளைகள் கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை.

ஆகவே, நான் அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி இதுதான்: "சார், எனக்கு முதலாளி யாரு? நியமனக் கடிதத்தில் யாருடைய பேர் இருக்கும்?"

இது சின்னக் கேள்வி போலத் தெரியும். நம் பாட்டன், முப்பாட்டன் காலத்தை நினைத்துப் பாருங்கள். கங்காணி சொன்னதை நம்பித்தான் கடல் கடந்து வந்தார்கள். சம்பளம் தருவது துரையா, கங்காணியா என்று தெளிவில்லை. வந்த செலவையும் முற்பணத்தையும் கடனாக எழுதி, 'துண்டு' என்ற சீட்டோடு ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கடனைத் தீர்க்காமல் ஆள் நகர முடியாது. துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனால் நடுவில் ஒரு ஆள் நின்றால் பொறுப்பு யாருக்கு என்ற குழப்பம் இன்னும் போகவில்லை. ஏஜென்சி எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பேர் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கடிதம் கேட்பது சலுகை கேட்பதல்ல. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஹோட்டலுக்கும் பொருந்தும். அதன்படி வேலைக்குச் சேரும் நாளிலேயே பதவி என்ன, சம்பளம் எவ்வளவு என்ற விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை.

அடுத்தது ஈ.பி.எப். "இப்ப டிரெயினிங்தானே, ஆறு மாசம் போகட்டும்" என்பார்கள். நம்ப வேண்டாம். பயிற்சியோ, தற்காலிகமோ, கைக்காசோ, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். தொழிலாளி பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். ஈ.டி.எப். என்ற நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் போட வேண்டும், அதை நம் சம்பளத்தில் வெட்டக் கூடாது. மாதம் 30,000 ரூபா என்று வையுங்கள். நம் பங்கு 2,400, முதலாளி பங்கு 3,600, ஈ.டி.எப். 900. ஆறு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஈ.பி.எப். மட்டும் 36,000 ரூபா. அந்தப் பையன்கள் எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று இப்போது தெரியும்.

30,000 என்று சும்மா எழுதவில்லை. 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ஆனது, 2026 ஜனவரி முதல் அது 30,000. "சாப்பாடு, தங்க இடம் எல்லாம் தாறோம், அதனால சம்பளம் கொஞ்சம் குறைவு" என்றால், சாப்பாட்டுக்கு எவ்வளவு வெட்டுறீங்க, யூனிபோர்முக்கு வெட்டு உண்டா என்று பிரித்துக் கேட்க வேண்டும். இன்னொன்று, முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் ஈ.பி.எப். கணக்கில் சேரும். இது நம்மில் பலருக்குத் தெரியாது. ஓவர்டைம் மட்டும் சேராது. ஓவர்டைம் என்றால் மணிக்கு ஒன்றரைப் பங்கு. நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல் போனால் அது ஓவர்டைம்.

ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள் சேவிஸ் சார்ஜ் யாருக்கு எப்படிப் பங்கு போடுறாங்க என்றும் கேளுங்கள். பெண் பிள்ளைகள் இரவு வேலை உண்டா, வேலை முடிந்து தங்குமிடத்துக்கு எப்படி அனுப்புவார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

திருகோணமலைக்குப் போகிறவர்களுக்கு என்றே ஒரு கேள்வி இருக்கிறது: "ஒக்டோபருக்குப் பிறகு எனக்கு வேலை இருக்குமா?" அந்தக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வருவது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரை. பிறகு வாடைக்காற்றும் மழையும் வந்துவிடும். அந்த மாதங்களில் சம்பளம் உண்டா, பாதியா, இல்லை வீட்டுக்கு அனுப்புவாங்களா? ஒவ்வொரு வருடமும் நிறுத்திவிட்டு மறுபடி புது ஆளாக எடுத்தால் சர்வீஸ் சேராது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி சேவைக்காலப் பணம் கிடைக்க ஐந்து வருட சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? நேர்முகத்தில் ஏறி உட்கார்ந்ததும் சம்பளத்தைக் கேட்க வேண்டாம். அவர்கள் கேட்டு முடியும் வரை பொறுத்திருங்கள். "ஏதாவது கேக்க இருக்கா?" என்று வரும். வராவிட்டால், "சார், ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கலாமா?" என்று மரியாதையாக ஆரம்பிக்கலாம். மறந்து போகுமென்றால் சின்னத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பார்த்து வாசித்தால் வெட்கமில்லை. அடையாள அட்டையைக் கேட்டால் போட்டோ கொப்பி கொடுங்கள், அசலை விட்டுவிட்டு வர வேண்டாம்.

அந்த இரண்டு பையன்களின் முறைப்பாட்டை தொழில் திணைக்களத்தில் கொடுத்திருக்கிறோம். கடிதம் இல்லாவிட்டாலும் ஒருவனின் வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் பணம் விழுந்த பதிவு இருந்தது. அதை வைத்துத்தான் எழுதிக்கொண்டார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை.

இளையவன் போன மாதம் வேறொரு இடத்துக்கு நேர்முகத்துக்குப் போனான். கடிதம் தருவீங்களா என்று கேட்டிருக்கிறான். முடியாது என்றார்களாம், வந்துவிட்டான். "வந்த வேலையை வாயால கெடுத்துட்டான் ஐயா" என்று அவன் அம்மா என்னிடம் வந்து அழுதாங்க. அவங்களுக்கு நான் நல்ல பதில் சொல்லவில்லை. வீட்டில் அரிசி இல்லாதபோது கடிதம் பெரிசாகத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். இப்போது அவன் இன்னொரு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறான். கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வேலைக் கடிதம் கையில் வந்தவர்கள் கையொப்பம் வைக்க முன் எங்கள் நலன்புரி காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம்.