வானில் ஆடும் கேமரா: டிரோன் படங்கள் ஏன் நெளிகின்றன?

கல்யாண வீடியோ கைக்கு வந்ததும் குடும்பமே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடும். மண்டபத்துக்கு மேலிருந்து டிரோன் எடுத்த காட்சி எப்போது வரும் என்று எல்லாருக்கும் ஆவல். காட்சி வருகிறது. தூண்கள் நெளிகின்றன. வாசல் பந்தல், தட்டில் வைத்த அகார்-அகார் போல் ததும்புகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் தண்ணீருக்கு அடியில் நடந்து வருவது போல் தெரிகிறார்கள். வீடியோ எடுத்தவரைக் கேட்டால், "அன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டுதான். என்றாலும், படம் இப்படி நெளிவதற்குப் பெரும்பாலும் காரணம் பறக்கும் கருவியிலேயே இருக்கும் அதிர்வு. காற்று மறுநாள் அடங்கிவிடும். விரிசல் விட்ட விசிறியோ தேய்ந்த மோட்டாரோ தானாகச் சரியாகாது. அதே டிரோன்தான் அடுத்த வாரம் இன்னொரு கல்யாண வீட்டில், பிள்ளைகள் ஓடி விளையாடும் வாசலுக்கு மேலே பறக்கப் போகிறது. ஆகவே, நெளியும் படத்தை வெறும் அழகுக் குறையாக எண்ணி விட்டுவிட முடியாது.

முதலில் குறை எந்த வகை என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஓடும் வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, நேராக இருக்க வேண்டிய ஏதாவது ஒன்றைக் கவனித்தால் போதும். ஒரு விளக்குக் கம்பம் என்று வைத்துக்கொள்வோம். நின்ற படத்தில் கம்பம் பாம்பு போல் வளைந்து வளைந்து போனால் அது அதிர்வு. கம்பம் வளையாமல் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கேமரா அவசரமாகத் திரும்பியிருக்கிறது. நின்ற படத்தில் எல்லாம் நேராக இருந்து, ஓடும்போது மட்டும் காட்சி குலுங்கினால் அப்போது காற்றைக் குறை சொல்லலாம். கேமராவைத் தாங்கும் கிம்பலையும் சந்தேகிக்கலாம். படத்தின் ஓரங்களில் மட்டும் கம்பங்கள் வில்லாக வளைந்து, நடுவில் நேராக இருந்தால் அது அகலக் கோண லென்ஸின் இயல்பு. கடற்கரைக் காட்சியில் தொடுவானம் வளைந்து தெரிவதும் இதனால்தான். தொடுவானத்தைப் படத்தின் நடுவில் வைத்து எடுத்தால் வளைவு மறைந்துவிடும். மிச்சத்தை எடிட்டிங் மென்பொருள் சுலபமாக நிமிர்த்தும். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தலைவலி கொடுப்பது முதலில் சொன்ன பாம்பு நெளிவுதான். அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள, கேமரா ஒரு படத்தை எப்படி எடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கண்ணை மூடித் திறப்பது போல் கேமரா முழுக் காட்சியையும் ஒரே கணத்தில் பிடித்துவிடுவதாகவே நாம் நினைக்கிறோம். டிரோன்களிலும் கைத்தொலைபேசிகளிலும் உள்ள 'சிமோஸ்' வகைக் கேமராக்கள் வீடியோ எடுக்கும்போது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. நாம் பத்திரிகை படிப்பது போல், மேல் வரியில் தொடங்கி அடி வரி வரை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு போகின்றன. இதைத்தான் 'ரோலிங் ஷட்டர்' என்கிறார்கள். மேல் வரிக்கும் அடி வரிக்கும் இடையில் 50இல் ஒரு பங்கு விநாடி போகிறது என்றால், அந்த நேரத்துக்குள் கேமரா அசைந்துவிட்டால் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்ததாகிவிடும். கேமரா விநாடிக்கு 45 பாகை வேகத்தில் திரும்பினால், அடி வரியைப் படிக்கும்போது அது ஏறக்குறைய 1 பாகை நகர்ந்திருக்கும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கேமராவைச் சட்டென்று திருப்பினால், 452 மீட்டர் கோபுரம் சாய்ந்து நிற்பது இப்படித்தான்.

இது புதிய குறை என்று எண்ண வேண்டாம். பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ழாக் ஆன்ரி லார்ட்டிக் 1910களில் கார்ப் பந்தயம் ஒன்றில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதில் கார்ச் சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். அந்தக் காலக் கேமராவின் ஷட்டரில் ஒரு சிறு பிளவுதான் படத்தகட்டைக் கடந்து போகும். அதனால் படத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு கணத்தில் பதிவானது. பிற்பாடு, தொலைக்காட்சி நிலையங்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திய 'மூன்று சிசிடி' கேமராக்கள் படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடித்ததால் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்தது. சிமோஸ் மலிவானது, மின்சாரம் குறைவாக எடுப்பது, சூடு குறைவானது. டிரோன் போன்ற சின்னக் கருவிக்கு அதுதான் பொருந்தியது. அதோடு பழைய தொல்லையும் திரும்பி வந்தது.

இனி அதிர்வுக்கு வருவோம். டிரோனின் விசிறி நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றுகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 100 சுற்று. விசிறி ஒரு பக்கம் கனமாக இருந்தால் கேமரா விநாடிக்கு 100 முறை நடுங்கும். ஒரு படத்தை மேலிருந்து கீழே படிக்க 50இல் ஒரு பங்கு விநாடி என்றோம். அதற்குள் கேமரா இரண்டு முறை நடுங்கிவிடுகிறது. படத்தில் இரண்டு அலைகள்! டிரோனில் நான்கு மோட்டார்கள். நான்கும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. மேலே ஏறும்போதும் காற்றை எதிர்க்கும்போதும் வேகம் மாறும். அதனால் அலைகளும் மாறிக்கொண்டே இருக்கும். அகார்-அகார் ததும்புவது போன்ற தோற்றம் இதனால்தான்.

ஒரு பக்கம் கனம் என்றால் எவ்வளவு கனம்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 8 அங்குல விசிறியின் நுனியில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 சுற்று வேகத்தில் அது மோட்டாரின் அச்சை ஏறக்குறைய 400 கிராம் எடையைத் தொங்கவிட்டது போல் இழுக்கும். அதுவும் ஒரே திசையில் இல்லை; விநாடிக்கு 100 முறை சுற்றிச் சுற்றி இழுக்கும். விசிறி ஓரத்தில் ஒரு சிறு துண்டு பெயர்ந்தாலே போதும், படம் நெளிய ஆரம்பித்துவிடும்.

இந்தப் பாடத்தை டிரோன் பிரியர்கள் பெரிய அளவில் கற்றுக்கொண்டது 2013இல். டி.ஜே.ஐ. நிறுவனத்தின் 'ஃபாண்டம்' அந்த ஆண்டு ஜனவரியில் வெளியானபோது அதற்குச் சொந்தக் கேமரா கிடையாது. 'கோப்ரோ' கேமராவை அதன் வயிற்றில் நேரடியாகப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். கேமராவுக்கும் மோட்டாருக்கும் இடையில் கெட்டியான பிளாஸ்டிக் மட்டுமே. அதிர்வு முழுவதும் நேரே லென்ஸுக்குப் போனது. அப்போது அவர்கள் கண்டுபிடித்த வைத்தியங்கள் இன்றும் செல்லும். விசிறியைக் காந்தத் தாங்கியில் படுக்கையாக நிறுத்துவார்கள். கனமான பக்கம் கீழே இறங்கும். லேசான இறக்கையின் பின்புறம் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி, சிறுகச் சிறுக வெட்டிச் சமன் செய்வார்கள். சிலர் கனமான பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பதும் உண்டு. பொற்கொல்லர் தராசு பிடிப்பது போன்ற வேலை. அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

இன்றைய டிரோன்களின் விசிறிகள் ஆலையிலிருந்து ஓரளவு சமனாகவே வருகின்றன. எனவே ஒட்டுநாடா வைத்தியம் நல்ல விசிறிக்கு மட்டுமே உரியது. விரிசல் விட்டதை ஒட்டுப் போட்டுப் பறக்கவிடுவது விபரீதம். கல்யாணச் செலவில் ஒரு செட் விசிறியின் விலை துரும்புக்குச் சமம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். விசிறியைச் சற்றே வளைத்து, நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் மயிரிழை விரிசல்கூடத் தட்டுப்படும். மோட்டாரைக் கையால் மெல்லச் சுற்றும்போது மணல் நெறிவது போல் இருந்தால் உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது, கேமராவுக்கும் உடலுக்கும் இடையில் உள்ள சின்ன ரப்பர் உருண்டைகள். வேகமான நடுக்கத்தை வடிகட்டுவது அவற்றின் வேலை. வெயிலில் கிடந்து கெட்டியாகிப்போன ரப்பரும் கிழிந்த ரப்பரும் உதவாது. ஒரு மின்கம்பி இறுக்கமாகக் கேமராவைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ரப்பரைத் தாண்டி அதிர்வு அந்த வழியில் போய்விடும்.

"எங்கள் டிரோனில் மூன்று அச்சு கிம்பல் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். கிம்பல் அருமையான சாதனம்தான். டிரோன் சாய்ந்தாலும் திரும்பினாலும் கேமராவைச் சமனாக வைத்திருக்கும். ஆனால் அது சமாளிப்பது மெதுவான அசைவுகளை. விநாடிக்கு 100 முறை வரும் நடுக்கத்தைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அதன் மோட்டார்களுக்குக் கிடையாது. விலை உயர்ந்த டிரோன் என்பதும் உத்தரவாதம் ஆகாது. 2016இல் வந்த 'ஃபாண்டம் 4 புரோ'வில் இயந்திர ஷட்டர் இருப்பது பெரிதாகப் பேசப்பட்டது. அது புகைப்படத்துக்கு மட்டுமே. வீடியோவுக்குப் பழைய ரோலிங் ஷட்டர்தான். விளம்பரத்தில் கண்ணில் படாத விஷயம் இது.

வெயிலும் நெளிவைக் கூட்டிக் காட்டும். பளீரென்ற வெயிலில், எஃப் 2.8 துவாரமும் 100 ஐ.எஸ்.ஓ.வும் உள்ள கேமரா தானாக 3,200இல் ஒரு பங்கு விநாடி ஷட்டருக்குப் போய்விடும். ஒவ்வொரு வரியும் கத்தி போல் கூர்மையாகப் பதிவாவதால் அலை அப்படியே தெரியும். லென்ஸுக்கு முன் என்.டி. 64 என்ற கருப்புக் கண்ணாடியை மாட்டினால் ஒளி 64இல் ஒரு பங்காகக் குறையும். ஷட்டரை 50இல் ஒரு பங்கு விநாடிக்கு இறக்கலாம். நம் நாடுகளில் வழக்கமான விநாடிக்கு 25 படம் என்ற வேகத்துக்கு அதுவே பொருத்தம். அசைவும் இயல்பாகத் தெரியும், நடுக்கமும் லேசான மங்கலாகக் கரைந்துவிடும். முகத்துக்குப் பவுடர் பூசுவது போன்றது இது. நோய் உள்ளேயே இருக்கும்.

மென்பொருளைப் பற்றியும் இதைத்தான் சொல்ல வேண்டும். சாதாரணமாகக் குலுக்கலை நிறுத்தும் மென்பொருள், முழுப் படத்தையும் இப்படியும் அப்படியும் நகர்த்துகிறது. ஆனால் நெளிவு படத்துக்கு உள்ளேயே இருக்கிறது. குலுங்கும் காட்சிக்குக் கைகொடுக்கும் மென்பொருள், நெளியும் காட்சியைச் சில சமயம் இன்னும் நீச்சலடிக்க வைத்துவிடும். கேமராவின் கைரோ உணரி பதிவு செய்த அசைவுக் கணக்கைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் திருத்தும் 'கைரோஃப்ளோ' போன்ற இலவச மென்பொருள்கள் இதைவிட மேல். அவற்றுக்கும் எல்லை உண்டு. விநாடிக்கு 100 நடுக்கத்தைக் கணக்கெடுக்க, உணரி விநாடிக்கு 200 முறைக்கு மேல் பதிவு செய்திருக்க வேண்டும். திருத்தும்போது படத்தின் ஓரங்களும் வெட்டுப்படும். அதனால் அனுபவசாலிகள் 4கே தரத்தில் எடுத்து, முழு எச்.டி.யாகக் கொடுப்பார்கள்.

எடிட்டிங் மேசையில் நெளிவை மறைத்துவிட்டு, டிரோனை அப்படியே பெட்டியில் வைப்பதுதான் ஆபத்து. டிரோனைச் சமனாகப் பறக்கவைக்கும் உணரிகளும் அதே அதிர்வில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 'ஆர்டுபைலட்' என்ற திறந்தநிலைப் பறப்பு மென்பொருளின் வழிகாட்டுதல்படி, பதிவாகும் அதிர்வு 30 மீட்டர்/விநாடி² அளவுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. 60ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிக்கல்தான். உயரத்தைத் தவறாகக் கணித்து டிரோன் தானாக மேலே ஏறிய சம்பவங்களும் உண்டு. சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைப் பதிவு செய்வது 2020 ஜனவரி 2 முதல் கட்டாயமாக்கப்பட்டது. மலேசியாவின் 2016 பொது விமானப் போக்குவரத்து விதிமுறைகள், 1,000 பேருக்கு மேல் கூடும் திறந்தவெளி நிகழ்ச்சியின் அருகே கேமரா டிரோன் பறக்க முன் அனுமதி கேட்கின்றன. தைப்பூசக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் ஏன் என்பது புரியும்.

எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பிடிக்கும் 'குளோபல் ஷட்டர்' கேமராக்கள் வரத்தான் செய்கின்றன. முழுச்சட்ட அளவில் அப்படிப்பட்ட முதல் கேமராவாக சோனி நிறுவனம் 2023 நவம்பரில் 'ஏ9 III'ஐ அறிவித்தது. கல்யாண வீட்டு டிரோனின் விலைக்கு அது இறங்கி வரும் வரை காத்திருப்பதைவிட, வீடியோ எடுப்பவரிடம் ஒன்றைக் கேட்கலாம். முதல் நாள் மாலை மண்டபத்துக்குச் சாமான் இறக்க வரும்போதே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக அரை நிமிடம் பறக்கவிட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். படத்தை நிறுத்தி, வாசல் தூணைப் பாருங்கள். தூண் நெளிந்தால், விசிறி மாற்ற ஓர் இரவு இருக்கிறது.