60 வயசுக்கு மேல எடை குறைக்கணுமா? ராத்திரி சாப்பாட்டை நிறுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காலையில் பொங்கல், மதியம் குழம்பு, ரசம், மோர் என மூணு தடவை சோறு, சாயங்காலம் காபியோடு மிக்சர், ராத்திரி தோசை. தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் பஸ் பிடித்து ஓடின காலத்தில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. ரிட்டயர் ஆனதும் ஓட்டம் நின்றுவிடுகிறது, தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. குன்றத்தூர், அனகாபுத்தூர் பக்கம் 60-ஐத் தாண்டிய தம்பதி இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம்: "என்னங்க, நாளையிலேருந்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடலாமா?"

அவசரப்படாதீங்க. முதலில் தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்க. ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ. அதைத் தாண்டினால் தொப்பை ஆபத்தான அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கிறது.

சோறுதான் வில்லனா?

பாதி உண்மை. நம் உணவில் கிடைக்கும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்கிறது அதே ஆய்வுக் குழுவின் 2025 அறிக்கை. ஆனால் தானியம், சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன கணக்கு.

"நாங்க சிறுதானியத்துக்கு மாறிட்டோமே" என்பவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாக கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாக அந்த 2025 ஆய்வில் தெரியவில்லை. மூணு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் குருமாவும் டயட் ஆகாது! கொஞ்சம் மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரதம் வரும்போதுதான் ஆபத்து குறைகிறது.

பட்டினி ஏன் கூடாது?

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. 30 வயசில் அது திரும்ப வந்துவிடும். 65-ல் வருவது கஷ்டம். தசை போனால் கால் தடுமாறும், பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு உடையும் வரைக்கும் போகும்.

2017-ல் அமெரிக்காவில் உடல் பருமன் உள்ள 160 முதியவர்களிடம் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டயட்டோடு நடைப்பயிற்சி மாதிரி ஏரோபிக் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு, கொழுப்பு நீங்கலான உடல் எடை 5 சதவீதம் குறைந்தது. எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு 2 சதவீதம்தான்.

ஜிம்முக்குப் போகணும்னு இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தடவை எழுந்து உட்காருங்க. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குங்க. முட்டி, இதயம் இரண்டும் சரியாக இருந்தால் குன்றத்தூர் முருகன் கோயில் படிகளும் நல்ல பயிற்சிதான்.

புரதம் எவ்வளவு? கிட்டத்தட்ட உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டலில் 12 கிராம் வரை கிடைக்கும். ரசத்தில் மிதக்கும் பருப்பு கணக்கில் வராது! கிட்னி பிரச்னை இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சென்னையில் நடந்தது

சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 578 பேரை வைத்து இங்கேயே ஒரு ஆய்வு நடந்தது. 7 சதவீத எடைக் குறைப்பு இலக்கு, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி, உணவு பற்றிய வகுப்புகள், தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. 2016-ல் வந்த முடிவு: வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 32 சதவீதம் குறைவு. 7 சதவீதம் என்றால் 80 கிலோ இருப்பவருக்கு ஐந்தரை கிலோதான்.

நம் வீடுகளில் இதைத் தட்டில் தொடங்குவதைவிட அரிசி அளக்கும் ஆழாக்கில் தொடங்குவது நல்லது. ஐயா சோற்றைக் குறைத்துவிடுவார், பானையில் மிஞ்சினதை 'வீணாகுதே'ன்னு அம்மா சாப்பிடுவாங்க. அவங்க எடை எப்படிக் குறையும்?

மாத்திரை போடுறவங்க கவனத்துக்கு...

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அளவு இறங்கி மயக்கம் வரலாம். எடை குறையக் குறைய பி.பி. மாத்திரை அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிங்க. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருபவர்களிடம் சர்க்கரை, பி.பி. இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த முயற்சியும் செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், 'ஆளு ஸ்லிம் ஆயிட்டார்'னு விட்டுடாதீங்க. உடனே பரிசோதனை தேவை.