இன்ஜின் ஆயில் கறுத்துட்டா உடனே மாத்தணுமா? தொப்பூர் ஏறும் முன் இதைப் பாருங்க!

தருமபுரியில் எந்த டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும்: "ஆயில் கரி மாதிரி ஆகிடுச்சுண்ணா, மாத்திடலாம்." டிப் ஸ்டிக்கைத் துடைத்த துணியும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால், நிறத்தை மட்டும் வைத்து ஆயில் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்ட முடியாது.

உராய்வைக் குறைப்பது மட்டுமல்ல, இன்ஜினுக்குள் சேரும் கரியைக் கழுவித் தன்னிடமே வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலை. அதற்கென்றே சில ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். ஆக, கறுப்பது அது வேலை செய்வதற்கான அடையாளம். டீசல் வண்டிகளில் புது ஆயில் சில நூறு கி.மீ.க்குள்ளேயே கறுத்துவிடும். அதேநேரம், தேன் நிறத்தில் பளிச்சென்று இருக்கும் ஆயிலில் அந்த ரசாயனங்கள் தீர்ந்தும் போயிருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது.

அப்போ எதைப் பார்க்கணும்?

முதலில் அளவு. நிறத்துக்குக் கவலைப்படும் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. 100 - 125 சிசி பைக்குகள் பலவற்றில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர்தான். பழைய வண்டி அதில் 300 மி.லி.யைக் குடித்துவிட்டால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி. அந்த நிலையில், சேலத்திலிருந்து டபுள்ஸில் வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முறுக்கினால் என்ன ஆகும்? மிச்ச ஆயில் வேகமாகச் சூடேறும், பிஸ்டனும் சிலிண்டரும் உரசத் தொடங்கும். முற்றினால் இன்ஜின் 'சீஸ்' ஆகி, ஓடும்போதே பின்சக்கரம் இறுகி நிற்கலாம். லாரிகள் வரிசைகட்டும் அந்த நெடுஞ்சாலையில் இது வெறும் ரிப்பேர் செலவு விவகாரம் அல்ல.

பார்ப்பது ரொம்ப ஈஸி. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, சில நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள். இரண்டு, மூன்று நிமிடம் கழித்து ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். பல பைக்குகளில் திருகாமல் சும்மா வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கணும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.

பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தாலும், உலோகத்தூள் மினுக்கினாலும் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பக் கூடாது. காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

மாற்றும் கணக்கு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. பல கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. பைக்குகளுக்குக் குறைவு, மாடலுக்கு மாடல் மாறும். பலர் கோட்டைவிடுவது அந்த 'ஒரு வருட'த்தில்தான். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை 2 கி.மீ. ஓட்டி, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறுபவரின் மீட்டர் நகர்வதே இல்லை. ஆனால், இன்ஜின் முழுசாகச் சூடாகாததால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். பெங்களூருக்கு நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியின் ஆயிலைவிட இது சீக்கிரம் கெடும். புழுதி ரோடு, வத்தல்மலை மாதிரி ஏற்றம் என்று அடிக்கடி போகிறவர்களும் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

"கெட்டியா இருந்தா இன்ஜினுக்கு நல்லது" என்று 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 20டபிள்யூ-40 ஊற்றுவதும் நடக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கெட்டி ஆயில் மெதுவாகத்தான் மேலே ஏறும், மைலேஜும் குறையலாம். கார் ஆயிலை பைக்கில் ஊற்றுவது இன்னும் மோசம். கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் அந்த ஆயிலிலேயே நனைந்தபடி இருப்பதால், அது வழுக்க ஆரம்பிக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். 'எம்பி' என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு.